பழைய கமோடோர் 64 கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களே, பழுதுக்குக் கொடுக்குமுன் மூடியைத் திறந்து படம் எடுத்துவிடுங்கள்

வாப்பா 1985-ல் துபாயிலிருந்து கொண்டுவந்த கமோடோர் 64 எங்கள் கீழக்கரை வீட்டில் இன்னும் இருக்கிறது. கூடவே ஒரு கேசட் டிரைவும் பதினோரு கேசட்டும். அதில் ஒன்றில் வாப்பா தானே பேசிக் மொழியில் எழுதிய ஒரு சின்ன புரோகிராம் உண்டு. மாதாமாதம் வீட்டுக்கு அனுப்பிய பேங்க் டிராஃப்ட் கணக்கு. வாப்பா மவுத்தான பிறகு அந்த கேசட்டை உம்மா அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், கடைக்காரருக்கு இது பழைய சாமான், எங்களுக்கு அப்படியில்லை.

போன மார்கழியில் மகளுக்கு ஒரு கேம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது, திடீரென்று திரை கறுத்துவிட்டது. அணைத்துப் போட்டாலும் கறுப்புத்தான். சிவப்பு லைட் மட்டும் எரிந்தது.

பழைய கம்ப்யூட்டர், கேம் செட் எல்லாம் பார்ப்போம் என்று விளம்பரம் செய்திருந்த ராமநாதபுரத்துக் கடை ஒன்றுக்குக் கொண்டுபோனேன். கொடுப்பதற்கு முதல்நாள் மூடியைக் கழற்றித் தூசி தட்டினேன். அப்போது மகள் போனில் போர்டை நாலைந்து படம் எடுத்தாள். அந்தப் படங்கள் மட்டும் இல்லையென்றால் இன்று என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை.

கடைக்காரர் மூன்று வாரம் வைத்திருந்தார். 8,500 ரூபாய் வாங்கினார். மெமரி ஐசி எட்டும் மாற்றியதாகவும், பவர் சப்ளை சர்வீஸ் செய்ததாகவும், கேசட் டிரைவ் ஹெட் க்ளீன் செய்ததாகவும் பில்லில் இருந்தது. கடையிலேயே போட்டுக் காட்டினார். 38911 பேசிக் பைட்ஸ் ஃப்ரீ என்று நீலத்திரை வந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து கேம் போட்டால் சத்தமே இல்லை.

போன் செய்தேன். "பாய், இது நாப்பது வருசப் பொருள். சவுண்டு ஐசி எப்பவோ போயிருக்கும்" என்றார்.

"கறுத்துப்போற நிமிசம் வரைக்கும் பாட்டு ஓடுச்சுண்ணே."

"அப்ப அதோட சேந்து போயிருக்கும்."

அப்படி நடக்கவும் கூடும் என்பதால் பேசாமல் இருந்துவிட்டேன். ஒன்பதாம் நாள் திரை மறுபடி கறுத்தது.

இந்தத் தடவை பாம்பனில் விசைப்படகு எக்கோ சவுண்டரும் வயர்லெஸ் செட்டும் பழுதுபார்க்கும் அண்ணன் ஒருவரிடம் எடுத்துப்போனேன். கமோடோரை அவர் அதற்குமுன் பார்த்ததில்லை. ஆனால் கம்ப்யூட்டரில் கைவைக்குமுன் பவர் சப்ளையை மட்டும் தனியாகக் கரண்டில் போட்டு மல்டிமீட்டரை வைத்தார். அந்தக் கறுப்புக் கட்டியிலிருந்து 9 வோல்ட் ஏசியும் 5 வோல்ட் டிசியும் வரவேண்டும். 9 சரியாக இருந்தது. 5 வரவேண்டிய இடத்தில் முதலில் 5.8, கொஞ்ச நேரத்தில் 6.4.

இந்த மெஷினின் பெரிய வியாதியே இதுதான். உள்ளே வோல்டேஜை ஒரே அளவில் நிறுத்தும் ரெகுலேட்டர் பழுதானால் வோல்டேஜ் நிற்காது, ஏறும். 5.25-க்கு மேல் போனாலே ஆபத்து. முதலில் பலியாவது பெரும்பாலும் மெமரி ஐசிகள். எட்டில் ஒன்று செத்தாலும் திரை கறுத்துவிடும். அந்தக் கட்டிக்குள் எபாக்சி பிசினை ஊற்றி இறுக்கியிருப்பதால் சூடு வெளியேற வழியில்லை, திறந்து சர்வீஸ் செய்யவும் முடியாது. அப்படியிருக்க, 'பவர் சப்ளை சர்வீஸ்' என்று பில்லில் எழுதி 600 ரூபாய் எப்படி வாங்கினார்? என் கட்டியின் அடியில் பிசினில் ஒரு கீறல்கூட இல்லை. கொன்ற அதே கட்டியைத் துடைத்து, கடை ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

அண்ணன் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "இந்த ஒரு ஐசிக்கு மட்டும் காலு ஏன் இப்புடிப் பளபளங்குது?"

கடலோரத்தில் இருக்கிறவர்களுக்கு இது புரியும். வாடைக் காற்றும் கச்சான் காற்றும் மாறிமாறி அடிக்கும் வீட்டில் நாற்பது வருடம் இருந்த ஐசியின் கால் கறுத்துத்தான் போயிருக்கும். மற்ற எல்லாம் அப்படித்தான் இருந்தன. சவுண்டு சிப் மட்டும் புதுக்காசு மாதிரி மின்னியது. மகள் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். அதே சாக்கெட்டில் கறுத்த கால்களோடு என் பழைய சிப். மேலே வாரத்தையும் வருடத்தையும் குறிக்கும் நான்கு இலக்கம். இப்போது இருப்பதில் எண்ணே வேறு. நெயில் பாலிஷ் ரிமூவர் தொட்ட பஞ்சால் துடைத்தோம். எழுத்து கரைந்து வந்தது, அடியில் உப்புத்தாளால் தேய்த்த கோடுகள். ஏதோ ஒரு 28 கால் ஐசியைத் தேய்த்து, சவுண்டு சிப்பின் எண்ணான 6581 என்று அச்சடித்திருக்கிறார்கள்.

ஏன் அந்தச் சிப் மட்டும்? கம்ப்யூட்டர் தேவைப்படாதவர்களுக்கும் அது வேண்டும். பாப் யானஸ் வடிவமைத்த மூன்று குரல் சிப் அது, சிட் என்பார்கள். கமோடோர் கம்பெனி 1994-ல் திவாலானது, அதன்பின் புதிதாக வருவதில்லை. அந்த ஓசைக்காகவே இசைக்கருவி செய்கிறவர்கள் உலகமெங்கும் தேடி வாங்குகிறார்கள். சிட் இல்லாவிட்டாலும் கமோடோர் நீலத்திரை காட்டும், சத்தம்தான் வராது. கடையில் திரையை மட்டும் காட்டி அனுப்பியதன் காரணம் அப்போதுதான் விளங்கியது.

கேசட் டிரைவ் கதை அதைவிட வயிற்றெரிச்சல். எந்தக் கேசட்டைப் போட்டாலும் லோட் எர்ரர். ஹெட்டுக்குப் பக்கத்தில் சாய்மானத்தைச் சரிசெய்யும் ஒரு குட்டித் திருகாணி உண்டு. 'க்ளீன்' செய்தவர் அதையும் திருகி வைத்துவிட்டார். ஹெட் ஒரு மயிரிழை சாய்ந்தாலும் பதிந்தது படிக்காது. கேசட் டிரைவைச் செருகும் முனையை எமரித்தாளால் தேய்த்ததில் பூச்சும் போய்விட்டது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணி போதும் அதற்கு. செம்பு வெளியே தெரிந்தால் எங்கள் ஊர்க் காற்றில் பச்சை பிடிக்க எத்தனை நாள் ஆகும்!

கேட்கப் போனேன். படத்தைக் காட்டியதும், "போட்டோல இருக்குறது உங்க மெஷின்தான்னு என்ன ஆதாரம்?" என்றார். கழற்றிய எட்டு மெமரி ஐசி எங்கே என்றேன். குப்பைக்குப் போய்விட்டதாம். மாற்றியதே ஒன்றுதான், மற்ற ஏழிலும் பழைய ஈயம் அப்படியே இருக்கிறது என்பதை அண்ணன் ஏற்கெனவே காட்டியிருந்தார். நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க பில்லும் படங்களும் எடுத்து வைத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டுப் பரணிலும் சபுர் (வெளிநாடு) போனவர்கள் கொண்டுவந்த கமோடோர் இருக்கலாம். ஆசைப்பட்டு அந்தக் கட்டியைக் கம்ப்யூட்டரோடு சேர்த்துக் கரண்டில் சொருகிப் பார்க்காதீர்கள். தனியாக அளந்து, 5 வோல்ட் சரியாக இருந்தாலும் வேறு பவர் சப்ளைதான் நல்லது. கடைக்குக் கொடுப்பதானால் ஒவ்வொரு சிப்பின் எண்ணும் தெரிகிறாற்போலப் படம் எடுங்கள். அதைக் கடைக்காரர் முன்னிலையிலேயே எடுத்து, எண்களை ரசீதில் எழுதி வாங்குங்கள். கழற்றிய பாகங்கள் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வாங்கும்போது திரையோடு சத்தத்தையும் கேட்டுவிட்டுக் காசு கொடுங்கள்.

அண்ணன் புதிதாக ஒரு பவர் சப்ளை செய்து, செத்த மெமரி ஐசிகள் இரண்டை மாற்றினார். கேசட் ஓடும்போதே திருகாணியைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி, ஓசை கூர்மையாகும் இடத்தில் நிறுத்தினோம். வாப்பாவின் புரோகிராம் ஏறியது. 1987 ஜனவரி, 2,000 ரூபாய் என்ற வரி திரையில் வந்தபோது உம்மா பக்கத்தில்தான் இருந்தார். சத்தம் மட்டும் இன்னும் இல்லை.

என் சிப்பின் மேல் இருந்தது 6581, கீழே 4384. இடது ஓரத்தில் எழுத்தின்மேல் சின்னக் கீறல், கால்கள் கறுப்பு. யாராவது இதை உங்களிடம் விற்க வந்தால் தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள்.