கோத்தகிரிக்கு வந்த பிறகு கொஹொம்பா சோப்புக்கு ஒரு மாற்று

கல்யாணமாகி இலங்கையின் ஹட்டன் பக்கத்திலிருந்து கோத்தகிரிக்கு வரும்போது, இங்கே எதெல்லாம் கிடைக்காது என்று ஆளாளுக்கு ஒரு பட்டியல் சொன்னார்கள். மாசிக் கருவாடு கிடைக்காது, மாலிபன் பிஸ்கட் கிடைக்காது, நம்ம ஊர்ப் பாண் ரொட்டி கிடைக்காது. சோப்பைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் நான் கடை கடையாக ஏறி இறங்கியது சோப்புக்காகத்தான். சில வருடங்களாக ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்ததில் தெரிந்ததை எழுதுகிறேன். அங்கிருந்து நீலகிரிக்கு வாழ வந்தவர்களுக்கும், வேப்ப வாடை பிடித்தவர்களுக்கும் உதவலாம்.

இலங்கையில் கொஹொம்பா தெரியாத வீடு குறைவு. 1941இல் ஆரம்பித்த சுவதேசி என்ற உள்நாட்டுக் கம்பெனியின் வேப்ப சோப்பு அது. எங்கள் தேயிலைத் தோட்டத்து வீட்டில் பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் அது ஒன்றுதான். அம்மா மலையிலிருந்து இறங்கி வந்ததும் தண்ணீர்ப் பீலியடியில் நின்று கை கால் கழுவுவார். கொழுந்துச் சாயம் விரல் ரேகைக்குள் கறுப்பாக இறங்கியிருக்கும். அது எந்தச் சோப்புக்கும் அசையாது, எலுமிச்சைத் தோலைத் தேய்த்தால்தான் கொஞ்சம் விடும். ஆனால் அட்டை கடித்த இடத்தில் மட்டும் சோப்பு நுரையை அப்பி, கொஞ்ச நேரம் அப்படியே விட்டுத்தான் கழுவுவார். அரிப்புக்குக் கசப்பு வாடைதான் கேட்கும் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. அந்த வாடையோடு வளர்ந்ததால், ரோஜா மல்லிகை வாசம் வீசும் சோப்பைப் போட்டுக் குளித்தால் எனக்குக் குளித்த மாதிரியே இருக்காது.

ஊரிலிருந்து வரவழைக்கலாமே என்பீர்கள். கொழும்பிலிருந்து திருச்சிக்கு விமானத்தில் யாராவது வந்தால் அவர்கள் பெட்டியில் நாலு கட்டி வரும். அவர்களும் ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்குப் பார்த்துத்தான் பெட்டி கட்டுகிறார்கள். தபாலில் அனுப்பச் சொன்னால் சோப்பின் விலையை விடத் தபால்கூலி அதிகம். தினமும் தேய்த்துக் கரைக்கும் பொருளை இப்படி விருந்தாளியை நம்பி வைத்திருக்க முடியாது.

இந்தத் தேடலை எனக்கு முன்னாலேயே ஒருவர் முடித்து வைத்திருந்தார், என் மாமி. 1964ஆம் வருட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு வந்த குடும்பம் அவருடையது. தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வந்த புதிதில் அவரும் இதே வாடையைத் தேடி, மார்கோ சோப்பில் போய் நின்றிருக்கிறார். நான் புலம்பியபோது, "அங்க இருந்த சோப்பு அங்க உள்ள தண்ணிக்கு, புள்ள. இங்கத்தத் தண்ணிக்கு இங்கத்தது" என்று முடித்துவிட்டார். பெரியவர்கள் சும்மா சொல்வது என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் அதில் பாதி வேதியியல் இருக்கிறது.

சரி, மார்கோவிலிருந்தே ஆரம்பிக்கிறேன். 1920இல் கல்கத்தா கெமிக்கல் கம்பெனி கொண்டுவந்த சோப்பு, இப்போது ஜோதி லேப்ஸ் கையில் இருக்கிறது. டானிங்டன் பக்கத்துச் சின்ன மளிகைக் கடையிலும் கிடைக்கும். கொஹொம்பாவுக்கு மிகக் கிட்டத்தில் வருவது இதுதான், ஆனால் அதே அல்ல. வேப்பெண்ணெயின் மூக்கைத் துளைக்கும் வாடைக்கு அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள் ஒரு காரணம். சோப்புக் கம்பெனிகள் வாசனை சேர்த்து அதை அமுக்குகின்றன. மார்கோவில் முதலில் ஒரு இனிப்பு வாசனை வந்து, அதன் பின்னால்தான் வேம்பு எட்டிப் பார்க்கிறது. மாமியைக் கேட்டால் பழைய மார்கோ இப்படி இல்லை, கட்டியை மோந்தாலே கசக்கும் என்பார். கட்டி நன்றாக உழைக்கிறது. குளித்து முடித்துத் துவட்டியதும் தோல் இழுக்கவில்லை. மழைக்காலத்துக்கு இதைவிட எனக்கு ஒன்றும் வேண்டாம்.

தைக்குப் பிறகுதான் வில்லங்கம். கோத்தகிரி சுமார் ஆறாயிரம் அடி, நான் பிறந்த ஊரை விட எப்படியும் இரண்டாயிரம் அடி உயரம். ஜனவரி பிப்ரவரியில் ராத்திரி நடுக்கும், பகலில் வெயில் காய்ந்து காற்று வறண்டுவிடும். ஹட்டனில் குளிர் உண்டு, இந்த வறட்சி கிடையாது. கணுக்காலுக்கு மேலே வெள்ளை வெள்ளையாகப் பூத்து, நகம் பட்டால் கோடு விழுகிறது. அதோடு பாய்லரில் விறகு அணைந்து தண்ணீர் ஆறிப்போன அன்று மார்கோ நுரைக்கவே யோசிக்கிறது.

இதற்குக் காரணம் தேடிப் படித்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. சோப்பு என்பது எண்ணெயும் காரமும் சேர்ந்து உருவாகும் உப்பு. எந்த எண்ணெய் என்பதில் இருக்கிறது குணம். பனை எண்ணெயில் உள்ள பால்மிட்டிக், மாட்டுக் கொழுப்பில் உள்ள ஸ்டியரிக் போன்ற அமிலங்கள் கட்டியை உறுதியாக்கும், ஆனால் குளிர்ந்த நீரில் சீக்கிரம் கரையாது, நுரையும் குறைவு. தேங்காய் எண்ணெயில் அதிகமாக இருப்பது லாரிக் அமிலம். அதில் வரும் சோப்பு பச்சைத் தண்ணீரிலும் பொங்கும். வேடிக்கை என்னவென்றால், அந்தத் தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும். எங்கள் வீட்டில் வருடத்தில் பாதி நாள் எண்ணெய் பாட்டிலை அடுப்பு மேடையில் சாய்த்து வைத்துத்தான் தலைக்கு எடுக்கிறோம். எண்ணெயாக உறைவது, சோப்பாகிவிட்டால் முதலில் கரைகிறது.

அந்தக் கணக்கில் கைக்கு வந்தது சந்திரிகா. இரிஞ்ஞாலக்குடாவில் கேசவன் வைத்தியர் 1940இல் ஆரம்பித்தது, தேங்காய் எண்ணெய்தான் அடிப்படை. கூடலூர் வழியாகக் கேரளம் பக்கத்திலேயே இருப்பதாலோ என்னவோ நீலகிரியில் இதற்குத் தட்டுப்பாடே வந்ததில்லை. முதல் நாள் ஆறிய தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். கையில் இரண்டு உருட்டு உருட்டியதும் வெண்ணெய் மாதிரி நுரை விரலிடுக்கில் வழிந்தது. வாசனை வேம்பில்லை. எலுமிச்சையும் இஞ்சியும் கலந்த மருந்துக்கடை வாசனை, அதனால் எனக்கு அந்நியமாகவும் இல்லை. குறை இரண்டு. ஒன்று, சோப்பு டப்பாவில் தண்ணீர் நின்றால் அடிப்பக்கம் கூழாகிவிடும். இரண்டு, தேங்காய் எண்ணெய்ச் சோப்பு அழுக்கோடு தோலின் எண்ணெயையும் சுத்தமாக எடுத்துவிடுகிறது. வறண்ட மாதங்களில் குளித்த ஈரத்தோடு கை கால்களில் எண்ணெய் தடவாவிட்டால் மார்கோவை விட அதிகமாக இழுக்கும்.

மாமி சொன்ன தண்ணீர்க் கதைக்கு வருகிறேன். அவிநாசியில் என் நாத்தனார் வீட்டில் போர்த் தண்ணீர். ஒரு விசேஷத்துக்குப் போனபோது வீட்டில் பாதி தேய்ந்த மார்கோவையே எடுத்துப் போயிருந்தேன். அதே கட்டி, அதே கை. அங்கே எத்தனை தேய்த்தாலும் நுரைக்குப் பதில் திரித்திரியாக ஏதோ தோலில் ஒட்டியது, வாளி விளிம்பில் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் படிந்தது. கடின நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத கசடாகிவிடுகின்றன, அதுதான் அந்த வளையம். எங்கள் கோத்தகிரி வீட்டுக்கு வருவது ஊற்றுத் தண்ணீர், மென்மையானது. இங்கே நுரை தாராளம், ஆனால் கழுவினாலும் வழுவழுப்புப் போகாது. சமவெளியிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள் சோப்பு போகவில்லை என்று இன்னும் நாலு சொம்பு ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். அதனால் சமவெளியில் இருப்பவர் ஒரு சோப்பைப் பற்றி இணையத்தில் எழுதுவதை அப்படியே நம்பி மலைக்காரர்கள் வாங்க வேண்டாம். நான் எழுதுவதும் மலைத் தண்ணீருக்குத்தான்.

ஹமாம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1931 முதல் இருக்கிற சோப்பு, தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு இதுதான் அம்மா வீட்டு வாசனை. எனக்கு அந்தப் பாசம் இல்லாததால் சாதாரணமாகத்தான் தெரிந்தது. மெடிமிக்ஸ் பதினெட்டு மூலிகை என்று பெயர் வாங்கியது, டாக்டர் சித்தன் 1969இல் சென்னையில் ஆரம்பித்தது. வியர்க்குரு வருகிற ஊருக்கு நல்ல சோப்பு. கோத்தகிரியில் வியர்த்தால்தானே! குளிர்காலத்தில் எனக்குக் கொஞ்சம் காரமாகப் பட்டது. என் கணவர் அதைத்தான் போடுகிறார், ஒரு குறையும் சொல்வதில்லை. அவருக்குத் துணி சோப்பு கொடுத்தாலும் சொல்ல மாட்டார் என்பது வேறு விஷயம்.

மைசூர் சாண்டல் வேறு ரகம். மாற்றுத் தேடும்போது அதை நினைக்கவே இல்லை, வேம்புக்கும் சந்தனத்துக்கும் என்ன சம்பந்தம். டிசம்பரில் விருந்துக்கு வந்தவர்கள் விட்டுப்போன கட்டியைப் போட்டுப் பார்த்தேன், தோல் அந்த வாரம் முழுக்க அமைதியாக இருந்தது. உறையைத் திருப்பிப் பார்த்தால் டி.எஃப்.எம். 80 சதவீதம். கட்டியில் உள்ள மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு அது. இந்தியத் தர அளவுப்படி முதல் தர டாய்லெட் சோப்புக்குக் குறைந்தது 76, இரண்டாம் தரத்துக்கு 70, மூன்றாம் தரத்துக்கு 60 இருக்க வேண்டும். 'பாத்திங் பார்' என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தால் அது சோப்பு வகையிலேயே வராது, அதற்கு 40 இருந்தால் போதும். பச்சை உறையில் வேப்பிலைப் படம் பெரிதாக இருக்கும், இந்த வார்த்தை மூலையில் பொடியாக இருக்கும். கடையில் நின்று உறையைத் திருப்பிப் படிப்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. "எல்லா வேப்ப சோப்பும் ஒண்ணுதாங்க்கா" என்ற கடைக்காரத் தம்பி இப்போது நான் கேட்காமலேயே உறையைத் திருப்பி நீட்டுகிறான். அதற்காக எண் ஒன்றையே பார்த்து வாங்கவும் கூடாது. எண் கூடுதலாக இருக்கிற தேங்காய் எண்ணெய்ச் சோப்பும் தோலை இழுக்கும் என்று மேலேயே சொன்னேன்.

கையால் செய்த சோப்புகளைப் பற்றிச் சொல்லாவிட்டால் நீலகிரிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். ஊட்டி, குன்னூர் ரோட்டில் வர்க்கி, சாக்லேட், தைலம் விற்கும் கடை எல்லாவற்றிலும் இப்போது ஒரு கூடை சோப்பும் இருக்கிறது. சுற்றுலா வண்டிகள் நிற்கும் அப்படிப்பட்ட ஒரு கடையில், வேம்பு, தைலம் என்று எழுதிய பச்சைக் கட்டி ஒன்றை நல்ல விலை கொடுத்து வாங்கினேன். முதல் குளியலிலேயே வெள்ளைத் துண்டில் பச்சைக் கறை. பத்து நாளில் கட்டி நடுவே பிளந்தது, பிளந்த இடத்தில் உள்ளே வெளிர் மஞ்சள். நிறம் மேல்பூச்சு மட்டும். திருப்பிக் கொடுக்கப் போனபோது, இயற்கைப் பொருள் என்றால் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். இயற்கை என்ற வார்த்தை பாவம், எதற்கெல்லாம் பதில் சொல்லும்.

எல்லாமே அப்படி இல்லை. கோத்தகிரியிலேயே லாஸ்ட் ஃபாரஸ்ட் கடையில் தேனோடு, தேன்மெழுகு சேர்த்த சோப்பும் விற்கிறார்கள். அது தோலுக்கு மிக இதம். சூடேற்றாமல் செய்யும் கைமுறைச் சோப்பில், பெரிய ஆலைகள் பிரித்தெடுத்துவிடும் கிளிசரின் கட்டியிலேயே தங்கிவிடுகிறது. தோல் காயாமல் இருப்பதற்கு அது உதவுகிறது. ஆனால் கிளிசரின் காற்றிலிருந்தும் ஈரத்தை இழுக்கும். எங்களுக்குப் பெருமழை வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசி கார்த்திகையில் நாள் கணக்கில் மூடுபனி. அப்போது கட்டியின் மேல் வியர்வைத் துளி போல நீர் கோத்துக்கொண்டு நிற்கும், மறுநாள் காலை தொட்டால் பிசுபிசு. விலையும் நாலு பேர் உள்ள வீட்டுக்குக் கட்டுப்படியாகாது. முகத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இப்போதைய ஏற்பாடு இதுதான். மழை ஆரம்பித்ததிலிருந்து மார்கழி வரை மார்கோ. வறட்சி ஆரம்பித்ததும் மைசூர் சாண்டல், முகத்துக்கு மெழுகுச் சோப்பு. சந்திரிகா வருடம் முழுக்கச் சமையலறைத் தொட்டியடியில் கை கழுவ, ஏனென்றால் அங்கே வெந்நீர் வராது. கொஹொம்பா ஒன்று செய்த வேலையை இங்கே நாலு கட்டி பங்கு போட்டுச் செய்கின்றன. அட்டைக்கடிக்கு மட்டும் எதுவும் அதற்கு ஈடாகவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. மாமி உப்பைத் தேய்த்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்.

வைத்துக்கொள்ளும் விதத்தில் இரண்டு விஷயம். வாங்கியதும் உறையைப் பிரித்து ஒரு மாதம் பீரோவில் சேலைக்கு நடுவே போட்டுவிடுங்கள். கட்டியில் மிச்சமுள்ள ஈரம் காய்ந்து இறுகும், இரட்டை நாள் வராவிட்டாலும் கண்ணுக்குத் தெரிகிற அளவு கூட உழைக்கும். சேலைக்கும் வாசனை. சோப்பு டப்பா ஓட்டை வைத்ததாக இருக்கட்டும், ஓட்டை இல்லாதது மழைக்காலத்தில் பாதிச் சோப்பைச் சாக்கடைக்குத்தான் கொடுக்கும்.

புதிதாக இங்கே குடிவருகிறவர்கள் மே மாதத்தில் ஒரு சோப்பு பிடித்துவிட்டது என்று டஜன் கணக்கில் வாங்கி அடுக்காதீர்கள். மே மாதத்தில் நீலகிரியில் எந்தச் சோப்பும் நன்றாகத்தான் இருக்கும். சின்னக் கட்டியாக ஒன்று வாங்கி ஐப்பசி மழையில் கொஞ்சம், ஜனவரிக் குளிரில் கொஞ்சம் போட்டுப் பார்த்துவிட்டு, பொங்கலுக்கு மேல் மொத்தமாக வாங்குங்கள்.