எக்ஸ்சேஞ்ச் சர்வர் எஸ்இ: டெல்டா அலுவலகங்களுக்குச் சரிப்படுமா?

மைக்ரோசாஃப்டின் மெயில் சர்வரான எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 இரண்டுக்கும் 2025 அக்டோபர் 14-ஓடு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. கும்பகோணத்திலோ திருவாரூரிலோ அரிசி ஆலை, நிதி நிறுவனம், கல்லூரி என எங்கே எக்ஸ்சேஞ்ச் ஓடினாலும், சொந்த இடத்திலேயே தொடர அடுத்த வழி 2025 ஜூலையில் வந்த சப்ஸ்கிரிப்ஷன் எடிஷன் (எஸ்இ) தான். புதுசு என்று தயங்க வேண்டாம். முதல் வெளியீடு 2019-இன் சியு 15-ஐ (சியு என்பது க்யூமுலேட்டிவ் அப்டேட், மொத்தத் திருத்தப் பொதி) ஒத்தது. சியு 14 அல்லது 15-இல் இருப்பவர்கள் அதே மெஷினில் ஏற்றிக்கொள்ளலாம். 2016 வைத்திருப்பவர்கள் புது சர்வர் போட்டு மெயில்பாக்ஸ்களை நகர்த்தியே ஆக வேண்டும்.

அதிகப் புகார் ராம் பற்றித்தான். மைக்ரோசாஃப்ட் பரிந்துரை 128 ஜிபி, உச்சவரம்பு 256. டாஸ்க் மேனேஜர் 85, 90 சதவீதம் காட்டினால் பதற வேண்டாம். ஒவ்வொரு மெயில் டேட்டாபேஸுக்கும் ஸ்டோர் வொர்க்கர் என்ற ப்ராசஸ் ஒன்று ஓடுகிறது. டிஸ்க்கைத் தொடாமல் மெயிலை எடுத்துக் கொடுக்க அது ராமில் கேஷ் (அடிக்கடி தேவைப்படும் தரவின் நகல்) வைத்திருக்கிறது. 'மெமரி ஏறிப்போச்சு' என்று தினமும் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் அந்தக் கேஷ் காலியாகி, காலை பத்து மணிக்கு எல்லோரும் அவுட்லுக் திறக்கும்போது டிஸ்க் திணறும்.

உண்மையான நெருக்கடியின் அடையாளம் வேறு. வெளியிலிருந்து வரும் மெயிலுக்கு சர்வர் '452 4.3.1' என்று பதில் சொல்லும், ஈவென்ட் வியூவரில் 15004 விழும். தன்னைக் காத்துக்கொள்ள அது மெயில் வாங்குவதை நிறுத்திவிட்டது என்று பொருள். ராம் வாங்க ஓடுமுன் அனுப்பக் காத்திருக்கும் மெயில்கள் சேரும் க்யூ டேட்டாபேஸ் இருக்கும் டிரைவில் எவ்வளவு இடம் மிச்சம் என்று பாருங்கள். வெப் சர்வர் பகுதியான ஐஐஎஸ்-இன் லாக் தானாக அழியாது. மாதக்கணக்கில் சேர்ந்து சி டிரைவை அடைத்துவிடும். பல நேரம் கோளாறே அங்கேதான். விர்ச்சுவல் மெஷினில் தேவைக்கேற்ப ராமைக் கூட்டிக் குறைக்கும் டைனமிக் மெமரியை அணைத்துவிடுங்கள், எக்ஸ்சேஞ்சுக்கு அதற்கு ஆதரவு இல்லை. பேஜ்ஃபைல் (ராமுக்குத் துணையாக டிஸ்க்கில் ஒதுக்கும் கோப்பு) ராமில் கால் பங்கு, குறைந்தபட்சமும் அதிகபட்சமும் ஒரே அளவு: 64 ஜிபிக்கு 16.

பேட்ச் விஷயத்தில் இந்த சர்வர் கறார். எஸ்யு (செக்யூரிட்டி அப்டேட், பாதுகாப்புத் திருத்தம்) வருவதானால் மாதத்தின் இரண்டாவது செவ்வாய், நமக்கு இரவு நேரம். எல்லா மாதமும் வராது. பழையவை அதிலேயே அடங்கும், கடைசி ஒன்று போதும். முதலில் பேக்கப், போடும் முன் ஒரு ரீபூட், போட்ட பின் ஒன்று. எஸ்யு-வின் எம்எஸ்பி கோப்பை டபுள் கிளிக் செய்யாதீர்கள். அட்மின் உரிமையோடு திறந்த கமாண்ட் ப்ராம்ப்டிலிருந்து ஓட்டாவிட்டால், பிழை எதுவும் காட்டாமல் முடிந்து, வெப் அவுட்லுக்கை உடைத்து வைக்கும். 2022 மே முதல் கிடைக்கும் இஎக்ஸ்இ பொதி அந்த உரிமையைத் தானே கேட்டு வாங்குகிறது, அதையே எடுங்கள். பாதியில் நின்றால் சர்வீஸ்கள் 'டிசேபிள்டு' நிலையில் கிடக்கும், மைக்ரோசாஃப்டின் செட்அப் அசிஸ்ட் ஸ்கிரிப்ட் காரணத்தைத் தேடித் தரும். முடிந்ததும் சர்வர் அமைப்பைச் சோதிக்கும் ஹெல்த் செக்கர் ஸ்கிரிப்ட் ஓட்டாமல் வீட்டுக்குப் போகாதீர்கள். எஸ்யு-வைக் கழற்றலாம், சியு-வைக் கழற்ற முடியாது.

2019-இல் சியு 14 முதல், உள்நுழைவைத் திருடி மறுபடி பயன்படுத்துவதைத் தடுக்கும் எக்ஸ்டெண்டட் ப்ரொடெக்‌ஷன் தானாகவே இயங்கும். முன்னால் நிற்கும் ஃபயர்வால் எஸ்எஸ்எல் ஆஃப்லோடிங் செய்தால் (குறியாக்கத்தைத் தானே அவிழ்த்து உள்ளே அனுப்பினால்) அவுட்லுக் திரும்பத் திரும்பக் கடவுச்சொல் கேட்கும். ஏற்றுமுன் அதை மாற்றுங்கள்.

போடாமல் எத்தனை நாள் பொறுக்கலாம்? 2024 நவம்பர் எஸ்யு சில இடங்களில் டிரான்ஸ்போர்ட் ரூல்களை (மெயில் போகும் வழியில் செயல்படும் விதிகளை) நிறுத்தியதால் திருத்தி மறுபடி வெளியிட்டார்கள்; இரண்டு மூன்று நாள் நிதானம் நியாயம்தான். ஆனால் எக்ஸ்சேஞ்சின் பாதுகாப்பு ஓட்டைகளைக் குறிவைத்த 2021 மார்ச் ப்ராக்ஸிலாகன் தாக்குதலில் தாமதித்தவர்கள் சர்வரையே பறிகொடுத்தார்கள். இணையத்தைப் பார்த்து நிற்கும் சர்வருக்கு ஒரு வாரமே எங்கள் கணக்கில் எல்லை.

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பைப் பார்த்துவிட்டே நாள் குறியுங்கள். சியு ஏற மணிக்கணக்கு ஆகலாம்; யுபிஎஸ் மட்டும் தாங்காது, ஜெனரேட்டர் வேண்டும். சம்பா அறுவடையில் ஆலைகள் மூச்சுவிட முடியாத தை, மாசியைத் தவிர்த்தால் சியு வேலைக்குக் கோடை நல்ல காலம். திடீரென அணைந்து டேட்டாபேஸ் 'டர்ட்டி ஷட்டவுன்' (சரியாக மூடப்படாத நிலை) காட்டினால், டேட்டாபேஸின் லாக் கோப்புகளை அழிக்காமல் அதை மவுண்ட் செய்து (இயக்கத்துக்குக் கொண்டுவந்து) பாருங்கள்; அவற்றிலிருந்தே அது மீளும். எடுத்தவுடன் ஈஎஸ்இயூடில் என்ற கருவியின் ரிப்பேரை ஓட்டினால் மெயில் போய்விடலாம்.

தரவு தன் கட்டடத்திலேயே இருக்க வேண்டும், இரவில் உட்கார்ந்து பேட்ச் போட ஆள் இருக்கிறார் என்ற நிறுவனத்துக்கு இதைத் தயங்காமல் சொல்வோம். இருபது முப்பது மெயில்பாக்ஸ், வாரம் ஒருமுறை வந்து போகும் கம்ப்யூட்டர்காரர் என்றால் வேண்டாம், கிளவுட் மெயிலுக்குப் போங்கள். ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் என்ற பழைய லைசென்ஸ் முறையும் எஸ்இ-இல் கிடையாது. சாஃப்ட்வேர் அஷ்யூரன்ஸோ (லைசென்ஸோடு எடுக்கும் மைக்ரோசாஃப்டின் பராமரிப்பு ஒப்பந்தம்) சந்தாவோ நடப்பில் இருக்க வேண்டும், அந்த விலையையும் கேட்டுக்கொண்டு முடிவெடுங்கள்.