தொட்டி மட்டம் அளக்க வழிகாட்டு ரேடாரா, மீயொலியா?

கிருஷ்ணகிரி மாவட்டத்து மாங்கூழ் ஆலை ஒன்றில் பாய்லர் வெந்நீர், டீசல், கூழ் ஆகிய எல்லாத் தொட்டிகளுக்கும் ஒரே வகை உணரியை வாங்குவது சிக்கனமாகத் தோன்றினாலும் சரியான முடிவன்று.

மீயொலி உணரி மேலிருந்து ஒலித்துடிப்பை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு மட்டத்தைக் கணிக்கிறது. 20 பாகை செல்சியசில் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டராக உள்ள ஒலியின் வேகம் ஒவ்வொரு பாகைக்கும் சுமார் 0.6 மீட்டர் மாறுவதாலும், நுரை ஒலியை விழுங்கிவிடுவதாலும், ஆவி நிறைந்த வெந்நீர்த் தொட்டியில் அதன் கணக்கு பிசகும்.

வழிகாட்டு ரேடாரில் மின்காந்தத் துடிப்பு, திரவத்துக்குள் இறங்கி நிற்கும் உலோகத் தண்டைப் பற்றிக்கொண்டு ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் செல்கிறது. திரவத்தின் மேற்பரப்பில் மின்கடத்தாப் பண்பு, அதாவது மின்புலத்துக்கு ஒரு பொருள் எவ்வளவு இசைந்துகொடுக்கிறது என்பது, சட்டென மாறுவதால் அதன் ஒரு பகுதி திரும்பி வருகிறது. அப்பண்பின் அளவான மின்கடத்தா மாறிலி நீருக்கு அறை வெப்பநிலையில் சுமார் 80 என்பதால் எதிரொளிப்பு வலுவாக இருக்கும். டீசலுக்கு அது ஏறக்குறைய 2 மட்டுமே, ஆயினும் அலை தண்டோடு ஒட்டிச் சென்று சிதறாமல் இருப்பதால் அந்த மெல்லிய எதிரொளிப்பையும் பிடித்துவிடலாம்.

ஆனால் கூழ் தண்டில் அப்பிக்கொண்டால் பொய்யான மட்டம் தெரியும். கலக்கி சுழலும் தொட்டியில் தண்டே வளையக்கூடும்.

ஆகவே வெந்நீருக்கும் டீசலுக்கும் வழிகாட்டு ரேடாரையே தேர்வேன். திறந்த கிணற்றுநீர்த் தொட்டிக்கு, விலை குறைந்த மீயொலி தாராளமாகப் போதும். கூழுக்கோ இவ்விரண்டையும்விட, அதைத் தொடாமல் மேலிருந்தே அளக்கும் ரேடார் பொருத்தமானது.