கொழிஞ்சாம்பாறை சோயா பனீர் கடை: ஒரு பால்காரி சொல்வது

கொழிஞ்சாம்பாறையில் பொள்ளாச்சி ரோட்டோரம் ஒரு சோயா பனீர் கடை இருக்கிறது. முன்பக்கம் கண்ணாடி அலமாரி, பின்பக்கம் பட்டறை. புருசனும் பெண்டாட்டியுமாக நடத்துகிறார்கள். கடையின் பேரை எழுதப் போவதில்லை. குறையும் சொல்லப் போகிறேன், நாளைக்கும் அவர்கள் முகத்தில் முழிக்க வேண்டும். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு எந்தக் கடை என்று இதற்குள் புரிந்திருக்கும்.

நான் மாடு வைத்துப் பிழைப்பவள். காலையும் மாலையும் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறேன். அந்தக் கணக்கில் சோயா எனக்கு எதிர்க்கட்சி. கடைக்குப் போக ஆரம்பித்ததே சக்கைக்காகத்தான். சோயாவை அரைத்து வேகவைத்துப் பிழிந்த பிறகு துணியில் மிஞ்சுகிற வெள்ளைச் சக்கையை ஒரு வாளி ஐம்பது ரூபாய்க்குத் தருகிறார்கள். தவிட்டோடு பிசைந்து வைத்தால் மாடு தொட்டியை நக்கித் துடைத்துவிடும். ஆனால் அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். வெயில் காலத்தில் மத்தியானத்துக்கு மேல் புளித்த வாடை வந்துவிடும், அதை வைத்தால் மாட்டுக்கு வயிறு கெடும்.

வாளியோடு காத்து நிற்கிற நேரத்தில் பட்டறையைப் பார்த்துப் பார்த்துத்தான் அந்தப் பனீர் மேல் நம்பிக்கை வந்தது. ராத்திரி ஊறப்போட்ட சோயாவைக் கழுவி, கொதிக்கிற தண்ணீர் விட்டு அரைக்கிறார்கள். பச்சைத் தண்ணீரில் அரைத்தால் ஒரு பச்சைப்பயறு நாற்றம் கிளம்பும். பல பேருக்கு சோயா பிடிக்காமல் போவதே அதனால்தான். அந்த நாற்றத்துக்குக் காரணமான நொதி சூட்டில் அடங்கிவிடும். அரைத்த மாவை அடுப்பில் ஏற்றினால் சீக்கிரமே நுரை பொங்கி வரும். அதைப் பார்த்து வெந்துவிட்டது என்று இறக்கினால் போச்சு. கடைக்கார அக்கா கரண்டியால் நுரையை அமுக்கிக்கொண்டே, அது அடங்கின பிறகும் நல்ல நேரம் கொதிக்க விடுகிறார். பச்சை சோயாவில் புரதத்தைச் செரிக்க விடாத டிரிப்சின் தடுப்பி என்ற பொருள் இருக்கிறது. நன்றாக வெந்தால்தான் அது ஒடுங்கும். சோயா சாப்பிட்டால் வயிறு உப்புகிறது என்கிறவர்களில் சில பேராவது அரைவேக்காட்டைச் சாப்பிட்டவர்களாக இருக்கும் என்பது என் எண்ணம்.

பாலைத் திரிக்க நாம் எலுமிச்சம்பழம் பிழிகிறோம். இங்கே உணவுக்கென்று வருகிற கால்சியம் சல்பேட்டைத் தண்ணீரில் கரைத்து மெல்ல ஊற்றுகிறார்கள். கிண்டக் கூடாது, ஒரே ஒரு சுற்று. மூடி வைத்துத் திறந்தால் தயிர் மாதிரி உறைந்து, ஓரத்தில் மஞ்சள் தண்ணீர் தெளிந்து நிற்கும். அதைத் துணி விரித்த தட்டில் அள்ளி, மேலே பலகை வைத்துக் கல் ஏற்றுவார்கள். இந்த முறையில் செய்கிற பனீரில் கால்சியமும் கூடச் சேரும் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது.

200 கிராம் கட்டி ஐம்பது ரூபாய். பால் பனீர் விலையில் பாதி. வெறுமனே வாயில் போட்டால் ஒரு ருசியும் இராது. அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன், உப்பும் காரமும் ஏறுவதற்கென்றே இருக்கிற பண்டம் அது. நான் செய்வது பள்ளிபாளையம் பாணி. துணியில் சுற்றி ஈரம் போக அழுத்தி, விரல் தண்டிக்கு நறுக்கி, தேங்காயெண்ணெயில் ஓரம் சிவக்கப் புரட்டி எடுத்துவிடுவேன். அதே எண்ணெயில் கிள்ளின வரமிளகாய், நிறையச் சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, தேங்காய்ச் சில்லு. வெங்காயம் குழைந்ததும் பனீரைப் போட்டு, கை அளவு தண்ணீர் தெளித்துச் சுண்ட விட்டால் முடிந்தது. மட்டை அரிசிச் சோற்றுக்குச் சரியாக நிற்கும். ஈரம் போக்காமல் எண்ணெயில் போட்டால் வெடித்துக் கையில் தெறிக்கும், சட்டியிலும் ஒட்டிக்கொள்ளும்.

இனி அந்தச் சுவரைப் பற்றி. கல்லாவுக்குப் பின்னால் பச்சைப் பெயின்ட்டில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள்: மாரடைப்பு வராது, சர்க்கரை குணமாகும், புற்றுநோய் ஓடும், 100 கிராமில் 52 கிராம் புரதம். மலையாளத்திலும் இதே வரிகள். படிக்கிறபோதெல்லாம் எனக்குச் சந்தை லேகிய வியாபாரி ஞாபகம்தான் வரும். ஆனால் அதே கடையில், மாதத்தில் இரண்டாம் சனிக்கிழமை ஒரு ஊட்டச்சத்துப் பெண் வந்து உட்காருகிறது. கோயமுத்தூரில் ஆஸ்பத்திரி வேலை, ஊர் நம்ம பக்கம். காசு வாங்குவதில்லை. சுவரில் உள்ளதில் பாதியை அந்தச் சுவருக்கு முன்னாலேயே உட்கார்ந்து மறுக்கிறது. கடைக்கார அண்ணன் காதில் விழாத மாதிரி கட்டி வெட்டிக்கொண்டிருப்பார். இந்தக் கடையில் எனக்கு ரொம்பப் பிடித்தது அந்தச் சனிக்கிழமைதான்.

மாரடைப்பிலிருந்து ஆரம்பித்தது. “அக்கா, அது ஒரு காலத்தில் பெரிய இடத்திலேயே சொன்னதுதான்” என்றது. 1995-இல் 38 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சோயா புரதம் கெட்ட கொழுப்பை 13 சதவீதம் பக்கம் குறைப்பதாகத் தெரிந்ததாம். 1999-இல் அமெரிக்க உணவு மருந்துத் துறை, தினம் 25 கிராம் சோயா புரதம் இதய நோய் அபாயத்தைக் குறைக்கலாம் என்று பாக்கெட்டில் அச்சடிக்க அனுமதித்தது. அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளில் அந்தப் பலன் தேய்ந்துகொண்டே வந்தது. 2006-இல் அமெரிக்க இதயச் சங்கம் 22 ஆய்வுகளைப் பார்த்துவிட்டு, குறைவது 3 சதவீதம் அளவுதான் என்று சொன்னது. 2017-இல் அந்த அனுமதியைத் திரும்ப எடுக்கலாமா என்று அதே அரசுத் துறையே முன்மொழிந்தது.

“அப்ப எதுக்கு அம்மிணி சாப்பிடோணும்?” என்று கேட்டேன். அதற்கு அது சொன்ன பதில்தான் எனக்குப் பிடித்தது. இதயச் சங்கமே சோயாவை வேண்டாம் என்று சொல்லவில்லையாம். கறியும் வெண்ணெயும் இருந்த இடத்தில் சோயா வந்து உட்கார்ந்தால் நிறைவுற்ற கொழுப்பு குறையும், நல்ல எண்ணெய்ச் சத்தும் நாரும் சேரும். தட்டிலிருந்து எது போனது என்பதையும் பார்க்க வேண்டும். பொரித்த கோழியையும் தின்றுவிட்டு மேலே ஒரு கட்டி பனீரைத் தின்றால் இதயத்துக்கு என்ன லாபம் என்று கேட்டது. பக்கத்தில் நின்ற ஒருவர் சத்தமில்லாமல் நகர்ந்து போனார்.

52 கிராம் கணக்கும் அப்படித்தான். பொய்யில்லை. ஆனால் அது காய்ந்த மீல் மேக்கருக்கு, அதாவது சோயா உருண்டைக்கு. அந்த உருண்டை ஊறினால் தன் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு தண்ணீரைக் குடிக்கும். ஒரு ஆள் ஒரு வேளைக்குப் போடுகிற 30 கிராம் உருண்டையில் கிடைப்பது 15 கிராம் சொச்சம். பனீர்க் கட்டியில் பெரும்பகுதி தண்ணீர், அதனால் புரதம் இன்னும் குறைவு. அந்த 15 கிராமும் சின்னதில்லை. 55 கிலோ பெண்ணுக்கு நாளைக்கு 46 கிராம் பக்கம் புரதம் வேண்டும் என்பது ஐசிஎம்ஆர் என்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. சோறும் ரசமுமாக ஓட்டுகிற நம் வீட்டுப் பெண்கள் எத்தனை பேருக்கு அது கிடைக்கிறது? துவரம் பருப்பு விற்கிற விலையில், மீல் மேக்கர் பாக்கெட் ஏழை வீட்டுக்கு நிஜமான உதவிதான்.

என் பையன் சோயாவைத் தொடுவதில்லை. ஆம்பளைக்கு மார்பு வளரும் என்று எவனோ சொல்லியிருக்கிறான். அதையும் கேட்டேன். அந்தப் பேச்சுக்கும் ஒரு வேர் இருக்கிறது. 2008-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில், அறுபது வயது ஆள் ஒருவருக்கு மார்பு வீங்கி வலித்ததாக எழுதியிருந்தார்கள். விசாரித்தால் அவர் தினமும் மூன்று லிட்டர் பக்கம் சோயா பால் குடித்துக்கொண்டிருந்தார். நிறுத்தினதும் சரியாகிவிட்டது. மூன்று லிட்டர்! என் மாட்டுப் பாலையே அப்படி யாரும் குடிப்பதில்லை. சோயாவில் உள்ள ஐசோஃப்ளேவோன் என்கிற பொருள் பெண் ஹார்மோன் சாயலில் இருக்கும், ஆனால் வலு ரொம்பக் குறைவு. ஆண்களை வைத்து நடந்த ஆய்வுகளைச் சேர்த்து 2010-இலும் 2021-இலும் பார்த்தார்கள், ஆண் ஹார்மோன் குறையவில்லை. வீட்டில் வந்து சொன்னேன். அவன் இன்னும் தொடுவதில்லை, அது வேறு.

எனக்கு மனதுக்குள் உறுத்திக்கொண்டிருந்தது தங்கச்சி விசயம். அவளுக்கு மார்பில் புற்றுநோய் வந்து ஆபரேசன் முடிந்து மாத்திரையில் இருக்கிறாள். ஹார்மோன் சாயல் என்றதும் பயம் வருமா வராதா? ஊரில் ஒருத்தி சோயா தொட்டாலே திரும்ப வரும் என்கிறாள், சுவரோ சோயா தின்றால் புற்றுநோய் ஓடும் என்கிறது. அந்தப் பெண் இரண்டையும் ஏற்கவில்லை. ஷாங்காயில் மார்பகப் புற்றுநோய் வந்த 5,042 பெண்களை வருசக் கணக்கில் பின்தொடர்ந்து பார்த்து, 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். சோயா உணவு கூடுதலாகச் சாப்பிட்டவர்களில் நோய் திரும்புவதும் சாவும் குறைவாகவே இருந்தது. இது அவரவர் சாப்பிட்டதைக் கேட்டுக் கவனித்துவந்த ஆய்வுதான், சோயாதான் காப்பாற்றியது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, பயப்பட வேண்டாம் என்று சொல்லலாம் என்றது. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமும் சோயா உணவு பாதுகாப்பானது என்றே சொல்கிறது. ஆனால் இதெல்லாம் உணவாகச் சாப்பிடுகிற சோயாவுக்கு. ஐசோஃப்ளேவோனைப் பிழிந்தெடுத்து மாத்திரையாக விற்கிறதை டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது என்று கறாராகச் சொன்னது. தங்கச்சியின் டாக்டரிடமும் கேட்டோம், உணவாகச் சாப்பிடத் தடையில்லை என்றார். இப்போது அவளுக்கும் சேர்த்துத்தான் கட்டி வாங்குகிறேன்.

தைராய்டு மாத்திரை போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நானும் போடுகிறேன். சோயா அந்த மாத்திரையைக் குடல் உறிஞ்ச விடாமல் குறைக்கும். அதனால் காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை, சோயா மத்தியானச் சோற்றோடு. புதிதாக தினமும் சாப்பிட ஆரம்பித்தால் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும், ரத்தப் பரிசோதனையில் அளவு மாறினால் அவருக்குக் காரணம் தெரியும். இதை அந்தச் சுவரில் எழுதியிருக்கலாம்.

சர்க்கரை குணமாகும் என்கிற வரியைப் பற்றிக் கேட்டதற்கு அந்தப் பெண் சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டது.

ஒரு சனிக்கிழமை கூட்டம் இல்லாதபோது குன்னூர்க் கதை சொன்னது. ஹைதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1918-இல் குன்னூரில் ஒரு சின்ன ஆராய்ச்சிக் கூடமாக ஆரம்பித்ததாம், 1958-இல்தான் ஹைதராபாத் போயிருக்கிறது. 1935-இல் காந்தி வார்தாவில் சோயாவைச் சமையலில் சேர்த்துப் பார்த்து தன் ஹரிஜன் பத்திரிகையில் எழுதினார். அதே காலத்தில் குன்னூர்க்காரர்கள் பிள்ளைகளுக்கு ஒரு பக்கம் வெண்ணெய் எடுத்த பால் பொடியும் ஒரு பக்கம் சோயாவும் கொடுத்துப் பார்த்தார்கள். பால் கொடுத்த பிள்ளைகள் வளர்ந்த அளவுக்கு சோயா கொடுத்த பிள்ளைகள் வளரவில்லை. அன்றைக்கு நான் கொஞ்சம் நிமிர்ந்து நடந்துதான் வீட்டுக்கு வந்தேன்.

அதனால் கடையின் சோயா பாலைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு. பாட்டில் முப்பது ரூபாய், பாதாம் வாசனை, ஏலக்காய் வாசனை என்று இரண்டு வகை. இரண்டிலும் சர்க்கரை தொண்டையைக் கரிக்கிறது. சர்க்கரை குணமாகும் என்று எழுதின சுவருக்குக் கீழேயே இதை அடுக்கி வைத்திருக்கிறார்கள்! இனிப்பில்லாதது வேண்டுமென்றால் முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும். புரதத்தில் சோயா பாலும் மாட்டுப் பாலும் கிட்டத்தட்டச் சமம். ஆனால் தனியாகச் சேர்க்காவிட்டால் கால்சியம் குறைவு, பி12 கிடையாது. பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் குடிக்கட்டும். கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாக இதைக் கொடுக்கவே கூடாது.

இன்னொரு குறை, அலமாரியின் மேல்தட்டில் இருக்கிற புரோட்டீன் பவுடர் டப்பா. இவர்கள் செய்வதில்லை, வெளியிலிருந்து வருகிறது. அதன் விலைக்கு ஒரு மாதத்துக்குப் பனீர் வாங்கலாம். 2024-இல் ஐசிஎம்ஆர் வெளியிட்ட உணவு வழிகாட்டியே இந்தப் பவுடர்களைத் தவிர்க்கச் சொல்கிறது. அண்ணனிடம் கேட்டதற்கு, “அதுல ஒண்ணு வித்தா அன்னிக்கு வாடகை ஆச்சுங்க்கா” என்றார். அவர் சொல்வதும் சரி. ஆனால் நான் வாங்க மாட்டேன்.

பனீர்ப் பாக்கெட்டில் தேதியும் இல்லை, சோயா ஒவ்வாமை எச்சரிக்கையும் இல்லை. காலை ஒன்பது மணிக்குள் போனால் அன்றைய கட்டி கிடைக்கும். மத்தியானத்துக்கு மேல் போனால் எப்போது வெட்டினது என்று கேட்டு வாங்குங்கள். திங்கள் விடுமுறை. வீட்டில் தண்ணீரில் முக்கி ஃபிரிட்ஜில் வைத்து, தினம் தண்ணீரை மாற்றினால் மூன்று நாள் தாங்கும். வழவழப்பு வந்துவிட்டால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். வேலந்தாவளம் வழியாகக் கோயமுத்தூர் பஸ்ஸில் கொண்டுபோகிறவர்கள் தூக்குப்போசியில் ஐஸ் தண்ணீர் ஊற்றி அதில் போட்டு எடுத்துப் போவது நல்லது. தங்கச்சிக்கு அப்படித்தான் கொடுத்தனுப்புகிறேன், கட்டி உடையாமல் போய்ச் சேருகிறது.