போட்டோஸ்டாட் தாளா, செய்தித்தாளா, ஒலிநாடாவா? ஓர் உறுமி இதழுக்கான அலசல்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் உருவான உறுமி மேளக் குழுக்களைப் பற்றியும், அவற்றுக்கு அக்கம்பக்கத்தில் நடக்கும் தமிழ் ராப், மெட்டல், இரைச்சலிசை முயற்சிகளைப் பற்றியும் ஓர் இதழ் கொண்டுவர வேண்டுமென்று நாங்கள் நால்வர் முடிவெடுத்து இரண்டு மாதங்களாகின்றன. எதை எழுதுவது என்பதில் எங்களுக்குள் தகராறு இல்லை. எந்த வடிவில் கொண்டுவருவது என்பதில்தான் நால்வருக்கும் நாலு கருத்து. ஒட்டுக்கடையில் தே தாரிக் ஆறிப்போகும் அளவுக்குப் பேசிப் பார்த்த வாதங்களை எழுத்தில் வைத்துவிடலாம் என்று இதை எழுதுகிறேன். ஆர்வலர்கள் தாங்களே எழுதித் தயாரிக்கும் இவ்வகை வெளியீட்டுக்கு ஆங்கிலத்தில் ‘ஸீன்’ என்று பெயர். அதை அப்படியே தமிழில் எழுதினால் ‘சீன் போடுகிறார்கள்’ என்று ஊரில் சிரிப்பார்கள். சிற்றிதழ் என்றாலோ கவிதையும் சிறுகதையும் எதிர்பார்ப்பார்கள். ஆகவே தனியிதழ் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் போட்டோஸ்டாட். இதன் முன்னோடி 1976 ஜூலையில் லண்டனில் மார்க் பெர்ரி தொடங்கிய ஸ்னிஃபின் குளூ. தட்டச்சுப் பொறியில் அடித்து, தலைப்புகளைத் தடித்த பேனாவால் எழுதி, பிழைகளை அடித்துத் திருத்தி, அத்திருத்தங்கள் தெரியும்படியே நகலெடுக்கப்பட்ட அந்த இதழின் முதல் வெளியீடு ஏறத்தாழ 50 படிகள்தான். பங்க் இசை பிறந்துகொண்டிருந்தபோது, அது நடந்த அறைக்குள்ளேயே நின்று எழுதப்பட்டது என்பதுதான் அதன் பலம். பெரிய வாராந்திர இசைப் பத்திரிகைகள் செய்தி கேட்டு வந்து சேர்வதற்குள் அது அடுத்த இதழை முடித்திருக்கும். மூன்று கிட்டார் ஸ்வரக்கூட்டுகளை வரைந்து காட்டி, இனி நீயே ஒரு குழுவைத் தொடங்கு என்று வாசகனுக்குச் சொன்ன புகழ்பெற்ற படத்தையும் பலர் இதன் கணக்கிலேயே எழுதிவிடுகிறார்கள். அது 1977இல் வந்த சைட்பர்ன்ஸ் என்ற வேறோர் இதழுக்கு உரியது. யாருடையதாக இருந்தாலும், நகலெடுத்த தாளின் இயல்பை அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. வாசிக்கிறவன் கையில் இருப்பதைப் பார்த்து, இதை நானும் செய்யலாமே என்று நினைக்கும்படியான பொருள் அது. எங்கள் நாட்டிலும் கார்புரேட்டர் டங் என்ற பங்க் குழுவின் ஜோ கிட் நடத்திய தனியிதழுக்கு ஏடிஸ் என்று பெயர். டெங்கிக் கொசுவைத்தான் குறித்தார் என்றாலும், தமிழ்க் காதுக்கு அதில் ஓர் ஏடும் கேட்கிறது.

கணக்கைப் பார்ப்போம். எங்கள் ஊர்க் கடையில் ஏ4 தாளின் ஒரு புறத்துக்கு 10 சென். நான்கு ஏ4 தாள்களை இருபுறமும் அடித்து மடித்தால் 16 பக்கமுள்ள சிறு இதழ் கிடைக்கும். அடக்கம் 80 சென், இரண்டு வெள்ளிக்கு விற்கலாம். நாற்பது படிகளுக்கு முதலீடு 32 வெள்ளி. ஒருவர் ஒரு நாள் பசியாறாமல் இருந்தால்கூடத் திரட்ட முடியாத தொகை என்றாலும், நால்வர் பங்கிட்டால் யாருக்கும் வலிக்காது. குறைகளும் இருக்கின்றன. சென்ற மாதம் சோதனைக்காக நாங்கள் எடுத்த படிகளில், இருபுறமும் அடிக்கும்போது தாளை எந்த விளிம்பில் புரட்டுவது என்று கடைக்காரத் தம்பிக்கு நாங்களும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஒவ்வொரு தாளிலும் ஒரு புறம் நேராகவும் மறுபுறம் தலைகீழாகவும் வந்தன. பத்துப் படிகள் அப்படியே போயின. அவற்றில் ஒன்றை உறுமி வாசிக்கும் அண்ணன் ஒருவரிடம் கொடுத்தபோது, அவர் ஒவ்வொரு பக்கத்துக்கும் இதழைச் சுற்றிச் சுற்றிப் படித்துவிட்டு, இதுதான் சோதனை முயற்சியா என்று கேட்டார். பாதுகாப்பு இன்னொரு தொல்லை. நம் ஊர் ஈரத்தில் பின்னூசி துருப்பிடித்து நடுப்பக்கத்தில் பழுப்புக் கறை இறங்கும். பத்திரமாக இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தால், நாளடைவில் எழுத்தின் கருமை உறையில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

போட்டோஸ்டாட்டின் அண்ணன் என்று ரிசோவைச் சொல்லலாம். பள்ளிகளில் தேர்வுத்தாள் அடிக்கும் அதே இயந்திரம்தான். மெல்லிய தாளில் துளையிட்டு அச்சுரு எடுத்து, அதை உருளையில் சுற்றி, அதன் வழியே மையைத் தள்ளுகிறது. தோட்ட அலுவலகங்களில் கிராணிமார்கள் சைக்ளோஸ்டைல் சுற்றிய காலத்தை அறிந்தவர்களுக்கு அதன் வேலைமுறை புதிதன்று. ஒரே பக்கத்தை நூறு, இருநூறு படி எடுக்கும்போது நகலைவிட மலிவு, நிறமும் அழகு. ஆனால் நாற்பது படிக்கு அச்சுருவின் செலவு கட்டாது. விரலால் தேய்த்தால் மை வரும் என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

இரண்டாவது வழி செய்தித்தாள். எங்கள் நால்வரில் மூத்தவர் இதற்காகத்தான் வாதாடுகிறார். அவர் மனத்தில் இருப்பது மேக்சிமம் ராக்கன்ரோல். 1977இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் வானொலி நிகழ்ச்சியாகத் தொடங்கி, டிம் யோஹானன் தலைமையில் 1982இல் இதழாகி, மலிவான செய்தித்தாளில் மாதந்தோறும் வந்துகொண்டிருந்த அந்த வெளியீடு, ஊதியமில்லாத தொண்டர்களால் நடத்தப்பட்டது. பெரிய இசை நிறுவனங்களின் விளம்பரங்களை வாங்க மறுத்தது. அதன் உயிர்நாடி ‘ஊர் நிலவரம்’ என்ற பகுதி. எந்த நாட்டின் எந்தச் சிற்றூரிலிருந்தும் யாரோ ஒருவர், எங்கள் ஊரில் இன்னின்ன குழுக்கள் இருக்கின்றன, இந்த இடத்தில் வாசிக்கலாம், இந்த முகவரிக்கு எழுதுங்கள் என்று அனுப்பினால் அச்சாகும். சுங்கை சிப்புட் போன்ற ஊருக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் இல்லை என்று மூத்தவர் சொல்லும்போது எனக்கும் சபலம் தட்டுகிறது. அலுவலகத்தில் சேர்ந்த இசைத்தட்டுகள் ஒவ்வொன்றின் விளிம்பிலும் பச்சை நாடா ஒட்டி, யாரும் எடுத்துக்கொண்டு போய் விற்க முடியாதபடி அடையாளமிட்டார்கள் என்பதைப் படித்தபோது, கோயில் குத்துவிளக்கில் உபயதாரர் பெயரை வெட்டிவைப்பதுதான் என் நினைவுக்கு வந்தது.

ஆனால் இந்த வழிக்கு ஒரு கூட்டம் வேண்டும். மாதாமாதம் எழுதுகிறவர்கள், மெய்ப்புப் பார்க்கிறவர்கள், கட்டுக்கட்டாக அஞ்சலில் சேர்ப்பவர்கள் என்று ஒரு படையே இருந்தும், 2019இல் அதன் அச்சுப் பதிப்பு நின்றது. அதே ஆண்டு ஜனவரி 31ஆம் தேதி, 1924 முதல் வந்துகொண்டிருந்த நம் தமிழ் நேசன் நாளிதழும் நின்றது. ஒரே ஆண்டில் இரண்டையும் பறிகொடுத்தவன் என்ற முறையில், நால்வரை நம்பிச் செய்தித்தாள் தொடங்க எனக்குத் துணிவில்லை. சட்டமும் இருக்கிறது. 1984ஆம் ஆண்டின் அச்சகங்கள் மற்றும் வெளியீடுகள் சட்டப்படி, காலந்தவறாமல் வரும் செய்தி இதழுக்கு உள்துறை அமைச்சின் அனுமதி வேண்டும். 2012இல் ஆண்டுதோறும் புதுப்பிக்கும் விதிதான் நீக்கப்பட்டதே தவிர, அனுமதி என்ற தேவை அப்படியே இருக்கிறது. ஆப்செட் அச்சகத்தார் விலை சொல்வதற்கு முன்பே இதைப் பற்றித்தான் கேட்பார்.

மூன்றாவது வழியான ஒலிநாடா இதழ் எங்களில் இளையவரின் கட்சி. அலச வேண்டியதும் இதில்தான் அதிகம். 1980இல் மெல்போர்னில் ஃபாஸ்ட் ஃபார்வர்ட் என்ற இதழ் ஒலிநாடாவிலேயே வந்தது. அதே ஆண்டு அமெரிக்காவின் ஒலிம்பியாவில் புரூஸ் பேவிட் தொடங்கிய சப் பாப், பின்னால் உலகறிந்த இசை நிறுவனமாவதற்கு முன்பு, ஒரு தனியிதழ். அதன் 5, 7, 9ஆம் வெளியீடுகள் ஒலிநாடாக்கள். 1982இல் லண்டனில் டச் (Touch) என்ற வெளியீடு தொடங்கியதும் இப்படி ஒலிநாடாவில்தான். சான் பிரான்சிஸ்கோவின் பனானாஃபிஷ், இரைச்சலிசைக்கென்றே வந்து, இசைத்தட்டையும் இதழோடு சேர்த்துக் கொடுத்தது. வியப்பு என்னவென்றால், தாளையே நம்பிய ஸ்னிஃபின் குளூவும் தன் கடைசி இதழோடு பெர்ரியின் சொந்தக் குழுவான ஆல்டர்நேட்டிவ் டிவியின் மென்தட்டு (வளையக்கூடிய மெல்லிய இசைத்தட்டு) ஒன்றை இணைத்தது.

ஏன் எல்லோரும் ஒலியை நோக்கிப் போனார்கள் என்பது புரிகிறது. உறுமியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்க, மறுமுகத்தை மெல்லிய குச்சியால் தட்ட, தேய்ப்பின் அழுத்தத்துக்கேற்ப ஒலி ஏறி இறங்கி முனகும். அந்த முனகலை ஸ்வரத்தில் எழுத முடியாது. ‘உர்ர்ம்’ என்று எழுதினால் நாய் உறுமுவதுபோல் இருக்கிறது. ஒரு வரி எழுதி முடிப்பதற்குள், இதை ஒரு முறை கேட்டாலே போதுமே என்று எழுதுகிறவனுக்கே தோன்றிவிடுகிறது.

ஆயினும் நான் எங்கள் இளைய தம்பியோடு உடன்படவில்லை. அந்த ஒலிநாடா இதழ்களின் வாசகர்கள் இசை நடக்கும் இடத்திலிருந்து தொலைவில் இருந்தார்கள். ஒலிம்பியாவிலிருந்து புறப்பட்ட நாடா, அக்குழுக்களை ஒருநாளும் நேரில் பார்க்க வாய்ப்பில்லாத ஒருவரின் அறையில் ஒலித்தது. எங்கள் நிலைமை தலைகீழ். கோயில் திருவிழாவுக்கு வந்தால் உறுமியைக் காதருகே கேட்கலாம்; வேண்டாமென்றாலும் கேட்கும். ஒலிக்குப் பஞ்சமில்லை, பெயருக்குத்தான் பஞ்சம். பால்மரம் வெட்டிய காலத்தில் ஒரு தோட்டத்தில் உருவான மேள அடி, அங்கே செம்பனை வந்து லயத்து வீடுகள் காலியாகி, மக்கள் தாமான் குடியிருப்புகளுக்குக் குடிபெயர்ந்த பிறகு, பத்துக் குழுக்களின் கையில் பத்து விதமாகக் கிடக்கிறது. அதை முதலில் கட்டியவர் யார், முனியாண்டிக்கும் மதுரை வீரனுக்கும் வரி எழுதியவர் யார், முதல் உறுமிக்குத் தோல் கட்டியவர் யார் என்பதை எந்தப் பதிவும் சொல்வதில்லை. கைப்பேசியில் எடுத்த காணொளிகள் ஆயிரம் இருக்கலாம். ‘செம அடி’ என்ற குறிப்புக்கு மேல் அவற்றின் கீழே ஒன்றும் இருக்காது. ஒலிநாடாவுக்கு நம் வீடுகளில் நேரும் கதியும் தெரிந்ததே: அலமாரியில் சில ஆண்டுகள் கிடந்தால் நாடாவின் மேல் வெள்ளைப் பூஞ்சை படரும், போட்டுக் கேட்க இயந்திரமும் இராது.

ஓர் இடத்தில் மட்டும் தம்பியின் பக்கம் நியாயம் இருக்கிறது. கோலாலம்பூரில் 2010 முதல் நடக்கும் கேஎல்இஎக்ஸ் என்ற சோதனைத் திரைப்பட, இசை விழாவில் வாசிக்கப்படும் சோதனை இசையோ, 1992இல் சிங்கப்பூரில் தொடங்கி வேத மந்திரங்களை மெட்டலில் இணைத்த ருத்ரா குழுவின் இசையோ எங்கள் வாசகருக்கு எட்டாத தூரத்தில் இருப்பவை. இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஒருவர் மின்கருவியின் இரைச்சலை முக்கால் மணி நேரம் வளர்த்துக்கொண்டு போனார் என்று நான் எழுதினால், உறுமிக்கார அண்ணன் அதைப் படித்து எதைப் புரிந்துகொள்வார்? அத்தகைய இதழுக்கு ஒலி தேவை. பென்டிரைவ் ஒன்றில் போட்டு, இதழோடு இரவல் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்பது என் யோசனை.

எஞ்சிய இரண்டு வழிகளைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பளபளப்பான மாத இதழுக்கு லண்டனின் தி வயர் எடுத்துக்காட்டு. 1982இல் ஜாஸ் இதழாகத் தொடங்கி, பின்னர் ஊழியர்களாலேயே விலைக்கு வாங்கப்பட்டு இன்றும் வருகிறது. அருகில் சிங்கப்பூரின் பிக்ஓ என்ற இசை இதழ் 1985இல் நகலெடுத்த இதழாகப் பிறந்து கடை இதழாக வளர்ந்தது. இரண்டுமே பெருநகரப் பிள்ளைகள். நால்வரில் எஞ்சியவர் சொல்லும் பிடிஎஃப் கோப்புக்கோ செலவு ஒன்றுமில்லை. புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) அனுப்பினால் ஒரே மாலையில் ஊர் முழுவதும் போய்ச் சேரும், மறுநாள் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் புதைந்தும் போகும். பழைய இதழ்களைச் சேமித்து வைக்க மட்டும் அது உதவும்.

ஆகவே என் வாக்கு போட்டோஸ்டாட்டுக்கு. ஆனால் மூத்தவரின் ஊர் நிலவரப் பகுதியை அப்படியே எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் இதழிலும் ஒரு தோட்டத்துக்கு ஒதுக்க வேண்டும் என்பது என் நிபந்தனை. இன்னொன்றையும் கடன் வாங்கலாம் என்றிருக்கிறேன். ஒலிம்பியாவில் 1979 முதல் 1984 வரை ஜான் ஃபாஸ்டர் நடத்திய ஆப் என்ற இதழ், ஆங்கில எழுத்துக்கு ஒன்றாக 26 இதழ்கள் கொண்டுவந்து, ஒவ்வொன்றிலும் அந்த எழுத்தில் பெயர் தொடங்கும் கலைஞர்களைப் பேசி, கடைசி எழுத்து முடிந்ததும் நின்றுகொண்டது. தனியிதழ்களில் பெரும்பாலானவை களைப்பிலோ கடனிலோ சண்டையிலோ நிற்கின்றன. இது சொன்ன இடத்தில் நின்றது. தமிழில் 247 எழுத்துக்கும் போனால் எங்கள் பேரப்பிள்ளைகள்தாம் முடிக்க வேண்டியிருக்கும். உயிரெழுத்து 12 போதும். ஸ்னிஃபின் குளூவும் ஓராண்டுக்குச் சற்று மேலாக 12 இதழ்களோடு தானே நின்றது.

அகரத்துக்கும் ஆகாரத்துக்கும் ஆள் பெயர், அடி பெயர், ஆலயத்தின் பெயர் என்று பட்டியல் நிறைந்துவிட்டது. ஊகாரம் மெலிவு. ஔகாரத்துக்கு இதுவரை ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த எழுத்தில் பெயருள்ள உறுமிக்காரரோ குழுவோ தோட்டமோ தெரிந்தவர்கள் சொல்லி அனுப்பினால், இதழில் ஒரு பக்கம் முழுவதையும் நேராக அடித்துத் தருகிறோம்.