‘நடை’ என்ற ஒரு சொல்லோடு தமிழ்ப் பேரகராதிக்குள்

மிருதங்கம் பயிலும் என் மகள் சென்ற வாரம் ஒரு கேள்வியோடு வகுப்பிலிருந்து வந்தாள். தாளத்தின் ஒரு தட்டுக்கு நான்கு அடிகள் விழும் சதுஸ்ர நடையிலிருந்து, மூன்று விழும் திஸ்ர நடைக்கு மாறச் சொன்ன ஆசிரியர், தாளம் போடும் கையின் வேகம் மட்டும் மாறவே கூடாது என்றாராம். அப்படியானால் நடை என்பது வேகம் இல்லையா என்பது அவளுடைய ஐயம். விடை தேடி, சிகாகோ பல்கலைக்கழகம் தெற்காசிய மொழிகளின் அகராதிகளுக்காக நடத்தும் இணையதளத்தில் இருக்கும் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியைத் திறந்தேன். கட்டணம் கேட்காத இந்தச் சேவையைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்திவருகிறேன். ஆனால் ஒரே சொல்லோடு ஒரு மாலை முழுவதும் அதில் செலவிட்டது இதுவே முதல் முறை.

‘நட’ என்னும் வினையிலிருந்து பிறந்த சொல் என்று தொடங்கும் அந்தப் பதிவு, காலால் செல்லுதல், செல்லும் கதி, பயணம், வழி, வாசல், இடைகழி, ஒழுக்கம், மொழிநடை என்று பொருள்களை ஆங்கிலத்திலும் தமிழிலும் அடுத்தடுத்துத் தருகிறது. தனித்தனியே நமக்குப் பழகிய வழக்குகள் ஓரிடத்தில் சேர்ந்து நிற்கும்போதுதான் அவற்றின் உறவு புலப்படுகிறது. கோயிலில் நடை சாத்துகிறோம். எழுத்தாளரின் நடையைப் புகழ்கிறோம். தண்ணீர் லாரி வரும் நாளில் என் அம்மா, “இன்னும் ரெண்டு நடை போனா அண்டா நெறஞ்சிரும்” என்று குடத்தை நீட்டுவார். அங்கே நடை என்பது போய் வரும் தடவைக் கணக்கு. இவற்றில் எதிலும் விரைவு என்ற பொருள் முதன்மையாக இல்லை.

அதே தளத்தில், மொழியியலாளர்கள் பர்ரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்டு 1984இல் திருத்திய திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியும் இருக்கிறது. அதன் 3582ஆம் பதிவில் தமிழின் ‘நட’ தன் உறவுகளோடு நிற்கிறது. கன்னடத்தில் ‘நடதெ’, தெலுங்கில் ‘நடத’ என்றால் நடத்தை. காலின் செயல் குணத்தின் பெயராக மாறியது தமிழில் மட்டும் நிகழ்ந்ததன்று என்பது எனக்குப் பெரும் மகிழ்ச்சி தந்தது. நாம் அன்றாடம் சொல்லும் ‘வேகம்’ வடமொழியிலிருந்து வந்தது. அதன் வரலாறு வேறு.

திருக்குறளின் 59ஆம் குறள் ‘ஏறுபோல் பீடு நடை’ என்கிறது. காளை விரைந்து போவதால் அந்தப் பெருமிதம் வரவில்லை, அது அடியெடுத்து வைக்கும் விதத்தில் வருகிறது. மகளுக்கு இதைச் சொன்னதும், அவள் சாப்பாட்டு மேசையில் ஒரு கையால் ஒரே சீராகத் தட்டிக்கொண்டு, ஒவ்வொரு தட்டுக்கும் முதலில் ‘தகதிமி’ என்று நான்கும், பிறகு ‘தகிட’ என்று மூன்றுமாகச் சொல்லிப் பார்த்தாள். கை மாறவில்லை, அடிகள் விழும் விதம் மாறியது.

குறைகளையும் சொல்ல வேண்டும். பேரகராதியின் ஆறு தொகுதிகள் 1924 முதல் 1936 வரையிலும், இணைப்புத் தொகுதி 1939இலும் முடிந்தவை. ஆகையால் இன்றைய வழக்குக்கு 1992இல் முதற்பதிப்பு கண்ட க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியைத்தான் நாட வேண்டும். மேற்கோள் காட்டும் நூல்களின் பெயர்ச் சுருக்கங்கள் புதியவர்களைத் திணறடிக்கும். சொற்பிறப்பியல் அகராதியில் தமிழ்ச் சொற்களும் ரோமன் எழுத்திலேயே இருப்பதால், தமிழ் மட்டும் படிக்கும் மாணவருக்கு அது எட்டாமலே போய்விடுகிறது. இத்தனை அருமையான உழைப்பு அவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

இருந்தாலும், தமிழ் ஆசிரியர்களுக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் இந்தத் தளத்தைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். தேடிய சொல்லோடு நிறுத்தாமல், அதன் அடியாகப் பிறந்த தொகைச்சொற்களையும் படியுங்கள். என் மகள், பெரியோர் நடந்து வரத் தரையில் விரிக்கும் துணியாகிய ‘நடைபாவாடை’யில் நின்றுவிட்டாள், அதைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்ட பிறகே கணினியை என்னிடம் திருப்பித் தந்தாள்.