கால் ரத்தக்குழாய் அடைப்புக்கு ஊரில் ஆபரேஷன்: போய் வந்த அனுபவம்

என் வீட்டுக்காரருக்கு வலது காலில் ரத்தக்குழாய் அடைப்பு. கொஞ்ச தூரம் நடந்தாலே கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், நின்றால் விட்டுவிடும். நாங்கள் இருக்கும் நாட்டில் இதை அவசரமில்லாத கேஸ் என்று வரிசையில் போட்டிருந்தார்கள். கிளம்பும் சமயத்தில் பெருவிரலில் ஒரு சின்னப் புண் வந்து ஆறாமல் நின்றது. ராத்திரியில் காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கப் போட்டால்தான் வலி அடங்கியது. இவற்றில் ஒன்று வந்துவிட்டாலே வரிசையில் காத்திருக்கிற கட்டம் தாண்டிவிட்டது என்று அர்த்தம். பாதம் திடீரென்று சில்லிட்டு, வெளுத்து, மரத்துப்போனால் விமானம் ஏறுகிற யோசனையே கூடாது. அது சில மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டிய அவசரம், இருக்கிற இடத்திலேயே எமர்ஜென்சிக்குப் போக வேண்டும்.

ஊரில் முதலில் போன மருத்துவமனையில் ஸ்கேன் படத்தைப் பார்த்ததும் ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் வலைக்குழல்) வைத்துவிடலாம் என்று பேக்கேஜ் பேச ஆரம்பித்தார்கள். யாரும் அவருடைய சாக்ஸைக்கூடக் கழற்றிப் பார்க்கவில்லை. எழுந்து வந்துவிட்டோம்.

இரண்டாவதாகப் பார்த்தவர் ரத்தக்குழாய் அறுவை நிபுணர், அதாவது வாஸ்குலர் சர்ஜன். அவர் பேசுவதற்கு முன்னால் இரண்டு கால்களையும் திறந்து பார்த்தார். தொடை இடுக்கு, முழங்கால் மடிப்பு, கணுக்கால், பாதத்தின் மேல்பக்கம் என்று ஒவ்வொரு இடத்திலும் விரல் வைத்து நாடி பார்த்தார். பிறகு கையிலும் கணுக்காலிலும் பட்டை கட்டி, பேனா போன்ற டாப்ளர் கருவியால் அழுத்தம் அளந்தார்கள். கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்தால் 0.90 அல்லது அதற்குக் கீழே வந்தால் அடைப்பு. இவருக்கு 1.4-க்கு மேல் வந்தது! நான் சந்தோஷப்பட்டேன். “அவசரப்படாதீங்கம்மா, சாருக்கு வருஷக்கணக்கா சர்க்கரை இருக்கு. குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிஞ்சா பட்டையால் அதை அமுக்க முடியாது, அளவு பொய்யா அதிகமாக் காட்டும்” என்றார். பெருவிரலில் குட்டிப் பட்டை கட்டி மறுபடி அளந்தபோதுதான் ரத்தம் எவ்வளவு குறைவாகப் போகிறது என்பது தெரிந்தது. சர்க்கரை உள்ளவர்கள் இந்த விரல் அழுத்தத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சிறுநீரக ரத்தப் பரிசோதனை பார்த்த பிறகே சிடி ஆஞ்சியோ, அதாவது ரத்தக்குழாய்களைப் படம் பிடிக்கும் ஸ்கேன் எடுத்தார்கள், அதில் செலுத்தும் மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் என்பதால். தொடைக்குழாயில் நீளமான அடைப்பு. பலூனா (குழாய்க்குள் பலூனை விட்டு விரிப்பது), பைபாஸா (உடம்பிலிருந்தே எடுத்த சிரையால், அதாவது வெயினால், அடைப்பைத் தாண்டி மாற்று வழி போடுவது) என்பதற்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே பதில் இல்லை என்று டாக்டர் எடுத்துச் சொன்னார். 2022இல் வெளிவந்த பெஸ்ட்-சிஎல்ஐ ஆய்வில், இப்படிப் புண்ணோ, சும்மா இருக்கும்போதே வலியோ வந்தவர்களில் காலின் சொந்தச் சிரை நன்றாக இருந்தவர்களுக்கு முதலில் பைபாஸ் செய்தது நல்ல பலன் தந்தது. 2023இல் வந்த பேசில்-2 ஆய்வில், முழங்காலுக்குக் கீழே அடைப்பு உள்ளவர்களுக்குப் பலூன் வழியை முதலில் எடுத்ததே மேலாக இருந்தது. அடைப்பு எங்கே, சிரை எப்படி என்பதைப் பொறுத்து முடிவு மாறும். இவருக்குச் சிரையை ஸ்கேன் செய்து பார்த்துவிட்டு பைபாஸ் என்று முடிவானது. நடக்கும்போது மட்டும் வலி இருந்திருந்தால் கத்தியே வேண்டாம், மருந்தும் முறையான நடைப்பயிற்சியும் போதும் என்றிருப்பேன் என்றும் சொன்னார். ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த டாக்டர் கிடைத்ததில் எனக்கு அவ்வளவு நிம்மதி.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நர்ஸுகள் மணிக்கு மணி டாப்ளர் வைத்து நாடி பார்த்த பொறுப்பை மறக்க முடியாது.

நான் முக்கியமாகச் சொல்ல வருவது அதற்கு அப்புறம் உள்ள விஷயம். தையல் ஆறியதோடு பைபாஸ் முடிவதில்லை. வைத்த சிரை முதல் ஒரு வருடத்துக்குள் எங்காவது குறுகலாம், வெளியே ஒன்றும் தெரியாது. டாப்ளர் ஸ்கேனில் முன்கூட்டியே கண்டுபிடித்தால் சரிசெய்யலாம், முழுதாக அடைத்துக்கொண்டால் கஷ்டம். அதனால், திரும்பிப் போன பிறகு யார் பார்ப்பார்கள் என்பதைக் கிளம்பும் முன்பே பேசி வையுங்கள். எங்கள் குடும்ப டாக்டரிடம் நான் முதலிலேயே கேட்டு, பார்க்கிறேன் என்று எழுத்தில் வாங்கியிருந்தேன்.

டிஸ்சார்ஜ் சமயத்தில் கையில் கொடுத்த காகிதத்தில் “வலது கால் பைபாஸ்” என்பதற்கு மேல் பெரிதாக எதுவும் இல்லை. அண்ணனை அலுவலகத்தில் உட்கார வைத்து, விடாமல் கேட்டு வாங்கினோம்: எந்தச் சிரை, எங்கிருந்து எங்கே இணைத்தார்கள் என்ற ஆபரேஷன் குறிப்பு, ஆஞ்சியோ படங்கள் அடங்கிய டிஸ்க், மருந்துகளின் மூலப்பெயர்கள். பிராண்ட் பெயர் நாட்டுக்கு நாடு மாறும், ரத்தம் கட்டாமல் தடுக்கும் மருந்தைக் குளோபிடோக்ரல் என்று எழுதியிருந்தால் எங்கேயும் புரியும்.

திரும்பும் டிக்கெட் தேதி மாற்றக்கூடியதாக இருக்கட்டும். தொடை இடுக்குக் காயத்தில் சீழ் பிடிப்பது அபூர்வமல்ல. விமானப் பயணத்துக்கென்று விற்கிற இறுக்கமான காலுறையை ரத்தக்குழாய் அடைப்பு உள்ளவர்கள் சர்ஜனைக் கேட்காமல் போடவே கூடாது, இருக்கிற ரத்த ஓட்டத்தையும் அது குறைத்துவிடலாம். சாதாரணப் பயணக் காப்பீட்டில், திட்டமிட்டுப் போய்ச் செய்துகொள்ளும் சிகிச்சை பொதுவாகச் சேராது. அதன் சிக்கல்களுக்கும் பணம் வராமல் போகலாம், பாலிசியை வரி விடாமல் படியுங்கள்.

மூன்றாம் மாத ஸ்கேன் இங்கே எடுத்தாயிற்று, ஓட்டம் நன்றாக இருக்கிறது. டிஸ்க்கும் குறிப்பும் இருந்ததால் ஸ்கேன் எடுத்தவர் எங்களிடம் எதையும் திரும்பக் கேட்கவில்லை. அடுத்தது ஆறாம் மாதம், அப்புறம் ஒரு வருடத்தில்.